ராஜ்கோட் விருந்தினருக்கு மகால் பகுதியை எப்படிக் காட்டலாம்?

கேள்வி: திருநகர்வாசி

வணக்கம். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள ராஜ்கோட்டைச் சேர்ந்த என் அலுவலக நண்பர் ஒருவர் தம் பெற்றோருடன் அடுத்த மாதம் மதுரைக்கு வருகிறார். மீனாட்சியம்மன் கோயிலைத் தரிசித்த பிறகு, தங்கள் மண்ணிலிருந்து புறப்பட்டு வந்த சௌராஷ்டிர மக்களின் தெருக்களைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய தந்தை விரும்புகிறார். நான் திருமலை நாயக்கர் மகாலைத் தாண்டி அந்தப் பகுதியை அறிந்தவன் அல்லன். அரை நாளில் எங்கே தொடங்கி எப்படி நடப்பது, அங்குள்ளவர்களுடன் அவர்கள் குஜராத்தியில் பேச முடியுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில்: மகால் தெரு பெரியவர்

தம்பி, பேச்சைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரம் குஜராத்திக்கு உறவானதுதான். ஆனால் எங்கள் முன்னோர் பல தலைமுறைகளாக வழியெங்கும் தங்கித் தங்கி மதுரை வந்து சேர்ந்ததில், மராத்தி, தெலுங்கு, தமிழ் ஆகியவற்றிலிருந்து அது நிறைய வாங்கிக்கொண்டது. உங்கள் விருந்தினருக்குச் சில சொற்கள் பிடிபடுமே தவிர, உரையாடல் ஓடாது.

1636-இல் எழுந்த மகாலில் தொடங்குங்கள்; ஆனால் காலை முழுவதையும் அங்கேயே கழித்துவிடாதீர்கள். இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். வடக்கே நடந்து பத்துத்தூண் சந்துக்குள் நுழைந்தால், அரண்மனையோடு சேர்ந்திருந்த உயரமான கல் தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்பதைக் காணலாம். பட்டு நெசவுக்காகத் திருமலை நாயக்கரே எங்களை அழைத்து அரண்மனைக்கு அருகில் குடியமர்த்தினார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அரண்மனை சுருங்கிய பிறகும் துணித் தொழில் அந்த இடத்தை விடவில்லை. ஆகையால் தூண்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், அவற்றின் அடியில் துணி மூட்டை இறக்குபவர்களையும் சற்று நின்று பாருங்கள்.

பிறகு தெற்குக் கிருஷ்ணன் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் இயற்றிய கீர்த்தனைகளை எங்கள் பஜனைகளில் இன்றும் பாடுகிறோம். பஜனை நடக்கும் நாளாக அமைந்தால் அந்தத் தந்தை எளிதில் எழுந்து வரமாட்டார்.

பதில்: காஜிமார் தெருவான்

ஐயா சொன்ன வழி சரியானதே. ஆயினும் அந்தப் பகுதியைச் சௌராஷ்டிரரோடு நிறுத்திவிட்டால், வந்தவர்களால் வளர்ந்த ஊர் என்ற கதையில் பாதிதான் தெரியும். நகரின் தென்மேற்குப் பக்கத்தில் உள்ள காஜிமார் தெருவின் பெரிய பள்ளிவாசல், பாண்டியர் காலமான 13-ஆம் நூற்றாண்டில், அரபு நாட்டிலிருந்து வந்த காஜி சையது தாஜுதீனால் நிறுவப்பட்டது என்பது எங்கள் மரபு. அவருடைய வழியினர் இன்றும் அந்தத் தெருவில் வாழ்கின்றனர். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டுச் செல்லுங்கள்.

வழியில் விளக்குத்தூணைத் தவறவிடாதீர்கள். கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்த ஆங்கிலேய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நட்ட தூண் அது. பலருக்கு அதன் அருகே கிடைக்கும் ஜிகர்தண்டாதான் நினைவிருக்கிறது. (இரண்டையும் பார்த்துவிடலாம்.)

பதில்: சுங்குடி விரும்பி

நெசவைக் காட்டுவதாக மட்டும் விருந்தினரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அண்ணா. மகால் தெருக்களில் இன்று பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் விற்பனைதான். நெசவாளர் பலர் வெகு காலத்திற்கு முன்பே ஊருக்கு வெளியே குடிபெயர்ந்துவிட்டனர். தறியைப் பார்க்க வேண்டுமென்றால் நிலையூர்க் கைத்தறி நகருக்குச் செல்லுங்கள். திருநகரில் இருக்கும் உங்களுக்கு அது பக்கம்தான்.

சேலை வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, துணியைக் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது. கடைகளில் அதே பெயரில் தொங்குபவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சில் செய்தவை. விலை குறைவு, உடுத்தவும் நன்றாகவே இருக்கும், ஆனால் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். கையால் முடிச்சிட்டதில் புள்ளிகள் சற்றே சிறிதும் பெரிதுமாக இருக்கும். குஜராத்தின் முடிச்சுச் சாயத் துணியான பாந்தனியைப் பார்த்து வளர்ந்த ராஜ்கோட் அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, அவரையே தேர்ந்தெடுக்கவிடுங்கள். மாலையில் சென்றால் அந்தத் தெருக்களில் முள்முருங்கை வடை சூடாகக் கிடைக்கும்.