புதுப்பிப்பு: 7 கிலோ கைப்பைக்கு டிராலியா, முதுகுப்பையா?

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் கையோடு கொண்டுபோக எந்தப் பை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதுகுப்பைதான் வாங்கினேன், போய்விட்டும் வந்தாயிற்று.

கைகொடுத்தது, "பிராண்டை அப்புறம் பாருங்கள், முதலில் வெறும் பையை எடை போடுங்கள்" என்ற யோசனை. கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசைக் கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், சரி, பார்க்கட்டும். கெட்டி ஓடு போட்ட டிராலிகள் காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ நின்றன. உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்டியே தின்றுவிடும். துணி முதுகுப்பை ஒரு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டியது.

டிராலிதான் வேண்டும் என்பவர்கள் இஞ்ச் டேப்பும் கொண்டுபோங்கள். கைப்பைக்குப் பொதுவாக உள்ள 55×35×25 செ.மீ. வரம்பில் சக்கரம், கைப்பிடி எல்லாம் அடக்கம். சில பெட்டிகளின் அட்டையில் சக்கரத்தை விட்டுவிட்டு அளவு போட்டிருக்கிறார்கள்.

எதிர்பாராதது இரண்டு. செக்-இன் கவுண்டரில் யாரும் எடையைக் கண்டுகொள்ளவில்லை, போர்டிங் வாசலில்தான் எடை போட்டார்கள். அடுத்தது பவர் பேங்க். அதைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது என்பதால் அதன் எடையும் இந்த 7 கிலோவில்தான் சேரும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர். 100 வாட்-அவர் வரை விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. பையின் எடையைக் குறைக்க, கனமான ஸ்வெட்டரை மட்டும் உள்ளே வைக்காமல் மேலே போட்டுக்கொண்டேன், வேர்த்துக் கொட்டியது.