அல்லிக் குளத்து இலை வண்டு: நீங்கள் ஏமாந்த கதை உண்டா?

குளத்துமேடு
அல்லி இலைமேல் பச்சையும் செம்புமாய் மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உணர்கொம்பின் நீளத்தைப் பார்த்து நீள்கொம்பு வண்டு என்று எழுதி வைத்தேன். இரண்டு வருஷம் அப்படியே கிடந்தது. போன வாரம் அதே மாதிரி ஒன்று சறுக்கித் தண்ணீரில் விழுந்து மல்லாந்தது. வயிறு முழுக்க வெள்ளி பூசினாற்போல் மயிர்ப்படலம், ஒரு சொட்டு ஒட்டவில்லை. நீர்ச்செடிகளில் வாழும் இலை வண்டுப் பேரினமான டொனேசியா என்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்து இலையில் சின்ன ஓட்டை; திருப்பினால் ஓட்டையைச் சுற்றி முட்டைகள் வளைவாக. பழைய குறிப்பை அடிக்க இன்னும் மனசு வரவில்லை.

கோரைப்புல்
வெள்ளி வயிற்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அதன் நெருங்கிய உறவுப் பேரினமான பிளேட்டுமாரிஸுக்கும் அதே வயிறுதான். நான் நீலம், பச்சை, செம்பு என்று மூன்றுக்கு மூன்று பெயர் எழுதி, கடைசியில் மூன்றும் பிளேட்டுமாரிஸ் செரிசியா என்று தெரிந்து அசடு வழிந்தவன். முன்சிறகு இரண்டும் சேரும் கோட்டை நுனிக்கிட்டே பாருங்கள். நேராகப் போனால் டொனேசியா, நெளிந்தால் பிளேட்டுமாரிஸ்.

தவளைக்கல்
அல்லி இலையில் ஓட்டை போட்டு அடியில் முட்டை வைத்திருக்கிறது என்கிறார் குளத்துமேடு. பிளேட்டுமாரிஸ் கோரைப் பக்கத்து ஆள். செடியைக் கேட்காமல் கோட்டை மட்டும் கேட்டால் எப்படி?
எனக்குக் கிடைத்ததெல்லாம் பழுப்பு நிற காலருசெல்லா, அல்லியைத் தின்னும் இன்னொரு இலை வண்டு. இலைமேலேயே முட்டைக்குவியல், கறுத்த புழுக்கள், வாய்க்கால் வெட்டியதுபோல் அரித்த தடம். மினுக்கமே கிடையாது.

சேற்றுக்கால்
வேரோடு வந்த ஒரு செடியில் பழுப்புக் கூடு ஒட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே காய்ந்த இடம், முழு வண்டு கால் மடக்கிப் படுத்திருக்கிறது. சேற்றுக்குள்! புழுவாக இருக்கும்போது வால்பக்கக் கொக்கி இரண்டைச் செடிக்குள் குத்தி அங்கிருந்தே காற்று எடுக்குமாம். அவ்வளவுதான் என் கதை.
அப்புறம், படம் எடுப்பவர்களுக்கு: மேலிருந்து ஒன்று போதாது. பக்கவாட்டில் ஒன்று எடுங்கள், பின்தொடையில் முள் இருக்கிறதா, எத்தனை என்று தெரியவேண்டும். தலைக்கும் முன்சிறகுக்கும் நடுவில் இருக்கும் கழுத்துப்பட்டையின் புள்ளிக்குழிகள் தெரிய ஒன்று. முன்சிறகு நுனி மழுங்கலா, உருண்டையா என்று ஒன்று. எந்தச் செடியில் இருந்தது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்தால் மறந்துபோகும். இவ்வளவு செய்தாலும் சில இனங்களை ஆண் வண்டின் இனவுறுப்பைப் பார்க்காமல் பிரிக்க முடியாது.

குளத்துமேடு
நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு நேர்தான். ஆனால் பின்னங்கால் இலைக்கு அடியில் போய்விட்டது.