புதுப்பிப்பு: அண்ணனின் பெட் ஸ்கேன் முடிஞ்சிடுச்சு

மூளைக் கட்டிக்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிஞ்ச எங்க அண்ணனுக்கு, எட்டு மாசம் கழிச்சு எம்ஆர்ஐ-ல அதே இடத்துல புதுசா ஒரு வெள்ளைத் திட்டு தெரிஞ்சதுன்னு போன வாரம் எழுதியிருந்தேன். கட்டி மறுபடி வளருதா, ரேடியேஷன்ல செத்த திசுவா? எம்ஆர்ஐ-ல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குமாம். அதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் பெட் ஸ்கேன்: லேசாக் கதிர்வீச்சு வர்ற ஒரு மருந்தை ஊசியாப் போடுவாங்க, அது சேர்ற இடம் படத்துல பளிச்னு தெரியும்.

வழக்கமான எஃப்டிஜி பெட் எதுக்கு வேண்டாம்னு கேட்டிருந்தீங்க. எஃப்டிஜிங்கிறது சர்க்கரை மாதிரியான மருந்து. மூளையே சர்க்கரையை மொடாக் கணக்குல குடிக்கிற உறுப்பு, அதனால படம் முழுக்கப் பளபளன்னு இருக்கும், கட்டி அதுல ஒளிஞ்சுக்கும். டாக்டர் எழுதினது எஃப்-டோபா. அது அமினோ அமிலம். நல்ல மூளைத் திசு கொஞ்சமாத்தான் எடுக்கும், கட்டி நிறைய இழுக்கும்.

காலை எட்டு மணின்னாங்க, ஊசி போட்டது பதினொண்ணரைக்கு. மருந்து வண்டி லேட். அதுல கதிர்வீச்சு தர்ற ஃப்ளோரின்-18, 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாக் குறையும், முன்னாடியே வாங்கி வைக்க முடியாது. சரி, அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வெறும் வயித்தோட மனுஷன் சுருண்டுட்டார். ஈயக் கவசம் போட்ட சிரிஞ்சைப் பார்த்து, "எனக்கா, யானைக்கா?"ன்னு கேட்டார்.

ரிப்போர்ட்: திட்டுல மருந்து ஏறினது ரொம்பக் கம்மி. மூளைக்கு நடுவுல ஸ்ட்ரையேட்டம்னு ஒரு பகுதி இயல்பாவே டோபாவை எடுக்குமாம், அதைவிடவும் மங்கல். செத்த திசுவாத்தான் இருக்கும்ங்கிறார் டாக்டர், ஆனா சத்தியம் பண்ணல. வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு மருந்து டெக்ஸாமெதாசோன் ஆரம்பிச்சாச்சு. ரெண்டு மாசத்துல மறுபடி எம்ஆர்ஐ.