முழங்கால் பட்டையில் மின்சாரம் சேரவில்லை, உதவி தேவை

செல்வி (உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்): வணக்கம். அப்பா விடியுமுன்னே பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கப் போவார். அவர் நடையிலேயே மின்னுகிற சிவப்பு எல்இடி வைத்த முழங்கால் பட்டை ஒன்று தைத்துத் தர ஆசை. 2022-ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 3க்கு 4 செ.மீ. துணியைத் தட்டியே 100 எல்இடி எரியவைத்தார்கள் என்று படித்ததிலிருந்து இதே நினைப்பு.

பி.வி.டி.எஃப் தாள் (இழுத்தால், தட்டினால் மின்சாரம் தரும் பிளாஸ்டிக் படலம்), நான்கு ஷாட்கி டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுபவை), 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி (மின்னூட்டத்தைச் சேர்த்து வைப்பது). தாளை எல்இடியோடு நேராக இணைத்து மேசையில் தட்டினால் மின்னுகிறது. மின்தேக்கியோடு காலில் கட்டி, மல்டிமீட்டரையும் மாட்டிக்கொண்டு 40 நிமிடம் நடந்தேன். 0.05 வோல்ட்டைத் தாண்டவில்லை. மறுநாள் அதுவும் இல்லை. தாள் கெட்டுவிட்டதா?

மணி (தேக்கா): தாள் மேல் சந்தேகப்படாதே தங்கச்சி, மின்தேக்கிதான் பெரிசு. ஒரு காலடிக்கு 0.05 மைக்ரோகூலம் மின்னூட்டம் வருவதாக வைத்துக்கொள். 1000 மைக்ரோஃபாரட் 3 வோல்ட் ஏற 3000 மைக்ரோகூலம் வேண்டும். அறுபதாயிரம் அடி! அது எலக்ட்ரோலிட்டிக் வகை என்றால் உள்ளேயே கசியும், ஷாட்கியும் பின்பக்கம் கசியும். சிம் லிம் டவரில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கியும் கசிவு குறைந்த 1என்4148 டையோடும் வாங்கு. அதே கணக்கில் அறுபது அடி போதும்.

மீட்டரை மாட்டியே வைக்காதே. அதன் 10 மெகாஓம் உள்மின்தடை வழியாக 3 வோல்ட்டில் 0.3 மைக்ரோஆம்ப் ஓடிவிடும், தாள் தருவதைவிட அது அதிகம். நடந்து முடித்துத் தொடு, முதலில் தெரியும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்.

ராணி (ஜூரோங்): மறுநாள் செத்ததற்கு வியர்வைதான் காரணமாக இருக்கும், செல்வி. உப்புத் தண்ணீர் தாளின் ஓரத்தில் இரண்டு வெள்ளிப் பூச்சையும் சேர்த்துவிடும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் எனக்கும் இப்படித்தான் போனது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, ஓரம், ஒயர் முனை எல்லாவற்றையும் மின்சாரம் கடத்தாத காப்டன் டேப்பால் மூடிவிடு.

எங்கே தைத்திருக்கிறாய்? முழங்காலின் பின்புறம் என்றால் தாள் சுருங்கி மடியும், இழுபடாது. நன்றாக இழுபட்டால்தான் போதிய மின்னூட்டம் வரும். முட்டிக்கு முன்னால், தாள் இழுத்துச் செய்யப்பட்ட திசை காலின் நீளவாக்கில் இருக்கும்படி, இரண்டு முனையை மட்டும் தை. இன்னொன்று, அப்பாவிடம் பேட்டரி விளக்கும் இருக்கட்டும். இருட்டில் சைக்கிள் வரும் பாதை அது.

செல்வி: அக்கா, பின்புறம்தான் தைத்திருந்தேன்! பிரித்து முன்னால் மாற்றினேன், அண்ணா சொன்ன மின்தேக்கியும் டையோடும் போட்டேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் அறுபது அடி நடந்து மீட்டரைத் தொட்டேன்: 2.6 வோல்ட், உடனே சரசரவென்று இறங்கியது. மறுபடி நடந்து, மின்தேக்கியை எல்இடியோடு இணைக்கும் சுவிட்சை அழுத்தினேன். தூணடி நிழலில் ஒரு சிவப்பு மின்னல். பக்கத்தில் நின்ற அப்பா "இன்னொரு தடவை" என்றார். அப்பாவுக்குப் பேட்டரி விளக்கும் வாங்கிவிட்டேன். சுவிட்ச் அழுத்தாமல் தானாக மின்ன என்ன சுற்று போடலாம், அண்ணா?