தோட்டத்துப் பள்ளிக்கூடம் உண்மையில எந்த வருசம் தொடங்கினது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அட்டன் தம்பி:
வணக்கம். நான் படிச்ச ஸ்கூல் இலங்கை மலையகத்துல, அட்டன் கல்வி வலயத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கு, மெயின் ரோட்டுல இருந்து தேயிலைக்குள்ள மூணு மைல் ஏறணும். பழைய மாணவர்கள் சேர்ந்து மலர் ஒண்ணு போடுறோம், வரலாறு எழுதுற பொறுப்பு எனக்கு. போர்டுல 1979னு இருக்கு. ஆனா எங்க அப்பாயிக்கு 84 வயசு, அது "நான் அங்கதான்டா ஆனா ஆவன்னா படிச்சேன், மாஸ்டர் பிரம்ப கூரையில சொருகி வச்சிருப்பாரு"ன்னு சொல்லுது. அப்ப எந்த வருசத்த எழுதுறது?

மழைக்காடு:
அப்பாயி சொல்றதுதான் சரி தம்பி. போர்டுல இருக்கிறது அரசாங்கம் பொறுப்பெடுத்த வருசமா இருக்கும். 1972லயும் 75லயும் காணிச் சீர்திருத்தத்துல தோட்டமெல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு, அதுக்குப் பொறகு 70கள் கடைசியில இருந்து படிப்படியாத்தான் ஸ்கூல்கள எடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அது தோட்ட நிர்வாகத்தோட ஸ்கூல். 1907லயே சட்டம் வந்திருச்சு, 6 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் உள்ள தொழிலாளி பிள்ளைகளுக்குத் தாய்மொழியில படிப்புச் சொல்லிக்குடுக்கிறது தோட்டத்த நடத்துற தொரையோட கடமைன்னு. ஆனா ஸ்கூல் வந்தா கொழுந்து எடுக்க ஆள் கொறையும்னு நெறைய தொரைமார் அக்கறை எடுக்கல. அதுக்கும் முந்தி, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் லயத்து (தொழிலாளி வரிசை வீட்டு) இஸ்தோப்புல, அதான் திண்ணையில, சாயங்காலம் பிள்ளைகள ஒக்கார வச்சு மணல்ல எழுத வைப்பாரு, என்னக் கேட்டா நம்ம கல்வி வரலாறு அங்கதான் தொடங்குது.

ஓய்வு டீச்சர்:
நான் 30 வருசம் தோட்ட ஸ்கூல்ல படிப்பிச்சவ. மகன், அதிபர்கிட்ட கேட்டு சேர்வு இடாப்பையும் (பிள்ளைகள் சேர்ந்தது, விலகினது எழுதுற பதிவேடு) சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் (ஸ்கூல்ல நடந்தத எழுதி வைக்கிறது) முதல்ல பாருங்க. நான் வேலைக்குப் போன ஸ்கூல் ஒரே மண்டபம், நடுவுல சுவர் இல்ல, அஞ்சு வகுப்புக்கும் ஒரே சத்தம், ஒரு வகுப்புக்குக் கணக்குக் குடுத்துட்டு அடுத்த வகுப்புக்குத் தமிழ் வாசிக்க வைப்பேன். அங்க பழைய இடாப்பு ஒண்ண வெரிச்சேன். விலகிய காரணம்னு ஒரு நிரல் இருக்குதானே, பக்கம் பக்கமா ஒரே கையெழுத்துல "இந்தியா", "இந்தியா", "இந்தியா". இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துல நம்ம ஆளுங்க 525,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதா முடிவாச்சுன்னு நான் படிச்சது வேற, அந்த நிரலப் பார்த்தது வேற. தலைமன்னார்ல கப்பல் ஏறின பிள்ளைகள் அவங்க. அதையும் கட்டாயம் எழுதுங்க மகன்.

கொழுந்துக்கூடை:
டீச்சர் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. 1945ல கல்வி அமைச்சர் கன்னங்கராவோட இலவசக் கல்வி வந்தப்ப நாடே சந்தோசப்பட்டுச்சு, தோட்டத்து ஸ்கூல் வெளியிலதான் நின்னுச்சு. 1947ல ஸ்கூல் கட்டடமும் மாஸ்டருக்கு வீடும் தோட்டம் குடுக்கணும்னு சட்டம் போட்டாங்க, மறுவருசமே குடியுரிமைச் சட்டத்துல நம்ம ஆளுங்களுக்குப் பிரஜாவுரிமை போச்சு, 1949ல ஓட்டும் போச்சு, ஓட்டு இல்லாதவங்களுக்கு யாரு போய் பார்லிமெண்ட்டுல பேசுவா? 1960, 61ல உதவி பெறும் ஸ்கூல்கள அரசாங்கம் எடுத்தப்பவும் தோட்டத்து ஸ்கூல எடுக்கல. 80கள்ல சீடாங்கிற சுவீடன் உதவி நிறுவனத்தோட காசுல வந்த ஸ்கூல் கட்டடம், அப்புறம் ஜெர்மன் உதவியில பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி, இதுக்கெல்லாம் பொறகுதான் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளே டீச்சராத் திரும்பி வர ஆரம்பிச்சாங்க. 1979ன்னு மட்டும் எழுதினா இவ்வளவும் மறைஞ்சிரும்.

அட்டன் தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ஸ்கூலுக்குப் போனேன், அதிபர் அலுமாரியத் தொறந்து விட்டாரு. முதல் ரெண்டு பக்கம் கறையான் அரிச்சிருச்சு, அதனால தொடங்கின வருசம் கெடைக்கல, ஆனா அப்பாயி பேரு இருக்கு, 1948 ஜனவரி. விலகிய காரணம்: "வேலைக்கு". போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து காட்டினேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டி அதுவே வாசிச்சிச்சு.