கிணறு ஆழப்படுத்தும்போது அடியில் தங்கும் வெடிப்புகை: புளோயரை எங்கே வைப்பது?

கேள்வி – உசிலம்பட்டி விவசாயி
வட்டக் கிணறு. விட்டம் 6 மீட்டர், ஆழம் 24 மீட்டர், அடியில் முழுக்கப் பாறை. இன்னும் 6 மீட்டர் இறக்கணும். வெடி வைப்பவர் உரிமம் உள்ளவர். வெடித்த மறுநாள் காலையிலும் நெடி போகவில்லை; கல் அள்ள இறங்கியவர்களுக்குத் தலைவலி. 12 அங்குல புளோயரை (காற்றை இழுத்து ஊதும் விசிறி) கிணற்று வாயில் வைத்து உறிஞ்சவிட்டும் பலனில்லை. மணிக்கு 3,000 கனமீட்டர் என்று போட்டிருக்கு. சுரங்கத்தில் வேலை தெரிந்த அண்ணன்மார் வழி சொல்லுங்க.

பதில் – சுரங்கக் காற்றோட்டம்
தம்பி, முதலில் ஆட்களை இறக்குவதை நிறுத்துங்க. வெடிப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை, தலைவலிதான் முதல் அறிகுறி. தலைவலி வந்தவர்களை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்க. நெடியும் பழுப்பு நிறமும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு உரியவை. அதன் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் நுரையீரலில் தெரியும்.

உறிஞ்சும் புளோயர் தன் வாயருகே இருக்கும் காற்றை மட்டுமே இழுக்கும். புளோயர் வாயின் ஒரு விட்டம் தள்ளியே வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஊதும் காற்று அப்படிக் குறைய ஏறக்குறைய 30 விட்டத் தூரம் போகணும். நீங்கள் செய்ததில் மேலே இருந்த நல்ல காற்றுதான் சுற்றி வந்திருக்கிறது. ஒரு முனை அடைபட்ட சுரங்கப் பாதையில் டக்ட் (காற்றுக் குழாய்) வழியாக வேலை நடக்கும் முனைவரை காற்றை ஊதுவது போல இங்கேயும் செய்யணும். 12 அங்குல டக்டை அடியிலிருந்து 3 மீட்டர் உயரம்வரை இறக்குங்க. வெடிக்கு முன் மேலே தூக்கிவிடணும், இல்லாவிட்டால் கல் தெறித்துக் கிழிந்துவிடும்.

30 மீட்டர் ஆழத்துக்குக் கிணற்றின் கொள்ளளவு சுமார் 850 கனமீட்டர். புளோயர் அட்டையில் போட்ட அளவு கிடைத்தால் ஒருமுறை காற்று மாற 17 நிமிடம். ஐந்து முறை மாறினால் வாயு முதலில் இருந்ததில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போகும், ஆனால் அது சீராகக் கலந்தால் மட்டும். டக்ட் உராய்விலும் ஒழுகலிலும் பாதி போகும் என்று வைத்து, 3 மணி நேரம் ஓட்டுங்க. நேரம் முடிந்தது என்பதற்காக இறங்கக் கூடாது, அளந்துதான் இறங்கணும். கல்குவியலுக்குள் சிக்கிய வாயு அள்ளும்போது வெளிவரும் என்பதால் ஆள் அடியில் இருக்கும்வரை புளோயர் ஓடணும். தண்ணீர் தெளித்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு கொஞ்சம் கரையும். கார்பன் மோனாக்சைடுக்கு அது உதவாது.

பதில் – மேலூர் பாதுகாப்பு
நாலு வாயு டிடெக்டரை (ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, எரியும் வாயு அளக்கும் கருவி) கயிற்றில் கட்டி நடுவில், அடியில், கல்குவியல் ஓரத்தில் என்று இறக்கிப் பாருங்க. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல், கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 35 பங்கு) கீழே இருக்கணும். ஒன்றை இந்த ஊரில் யாரும் கவனிப்பதில்லை: சாதாரண நாலு வாயு கருவியில் கார்பன் டை ஆக்சைடு சென்சார் கிடையாது. 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தாலும் ஆக்சிஜன் 19.9 என்றே காட்டும், அலாரம் அடிக்காது. 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவு. உலோகச் சுரங்கங்களுக்கான 1961 விதிகள் 0.5 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதற்கென்று தனி சென்சார் வாங்குங்க. விளக்கு இறக்கிப் பார்ப்பதை நம்பவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு அணையாமல் எரியும்.

சித்திரை, வைகாசியில் வெளிக்காற்று சூடு, கிணற்றுக் காற்று குளிர்ச்சி. குளிர்ந்த காற்று கனமானது, தானாக மேலே வராது; வெளிவரும் வாயு அடியிலேயே சேரும். அதனால் காலையில் அளந்தது மாலைக்குச் செல்லாது, ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் அளக்கணும்.

உசிலம்பட்டி விவசாயி
நன்றி அண்ணே. கடையில் 8 அங்குல டக்ட்தான் இருக்காம், குறைப்பான் போட்டு மாட்டலாமா?

சுரங்கக் காற்றோட்டம்
வேண்டாம் தம்பி. விட்டம் குறையக் குறைய உராய்வு அதன் ஐந்தாம் படியில் ஏறும். 12-ஐ 8 ஆக்கினால் அதே காற்றுக்கு ஏழரை மடங்கு அழுத்தம் வேணும், உங்க புளோயர் தராது. 12 அங்குலத்தில் மடிப்பு விழாமல் நேராகத் தொங்கவிடுங்க. ஊதுவதற்குத் தட்டைத் துணி டக்ட் போதும், உறிஞ்சினால் அது ஒட்டிப்போகும். புளோயர் காற்று வரும் பக்கத்தில், கிணற்று வாயிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கட்டும். டீசல் ஜெனரேட்டர் எதிர்ப்பக்கம், இன்னும் தூரத்தில். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது.

மேலூர் பாதுகாப்பு
இறங்குபவருக்கு முழு உடல் பெல்ட், மேலே மூன்று கால் சட்டத்தில் வின்ச் (கயிறு சுற்றி ஆளைத் தூக்கும் கருவி), இரண்டு பேர் கண் எடுக்காமல் இருக்கணும். அவர் மயங்கினால் பின்னால் யாரும் இறங்காமல் வின்ச்சில் தூக்குங்க. 112-க்குச் சொல்லுங்க, புளோயரை நிறுத்தாதீங்க. காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே திறந்துவிடவும் கூடாது, துணியும் எண்ணெயும் பற்றி எரியும்.