பொருள்: மெத்தை (மொட்டைமாடி) மேல் உட்காரும் அந்த ஒரே பெட்டிக்கு என்ன பெயர்? (திங்கட்கிழமைக்குள்)

காரைக்குடிப் பயிற்றுநர் எழுதியது:

வணக்கம். திங்கள் காலை அச்சகத்துக்குப் போகவேண்டிய கையேடு கையில் இருக்கிறது. ஏசி மெக்கானிக் பிரிவுப் பையன்களுக்கானது. மூலம் அமெரிக்காவில் அரிசோனா பக்கத்துப் பாலைவன வீடுகளுக்காக எழுதியது. நம் பையன்கள் போவதென்னவோ வளைகுடாவுக்கு. வெயில் ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான் என்று அந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டோம்.

பெட்டி என்றால் இது: கம்ப்ரசர், வெளிச்சுருள், உள்சுருள், காற்றாடி எல்லாம் ஒரே தகரக் கூட்டுக்குள். வீட்டுக்குள் இயந்திரம் எதுவும் கிடையாது. மொட்டைமாடியிலோ வீட்டை ஒட்டிய சிமெண்டு மேடையிலோ உட்கார வைத்துவிட்டால், இரண்டு பெரிய டக்ட், அதாவது காற்றுக்குழாய், மட்டும் வீட்டுக்குள் போகும். ஒன்றில் பதமான காற்று போகும், மற்றதில் அறைக்காற்று திரும்பி வரும். கோடையில் குளிர், ஜனவரி ராத்திரியில் சூடு, இரண்டுக்கும் இதே பெட்டி.

ஆங்கிலத்தில் 'பேக்கேஜ் யூனிட்'. வரைவில் 'பொதி அலகு' என்று போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்ததும் பின்வரிசையில் ஒருவன், "சார், இதை நாக்குல குத்துறதா, கன்னத்துல குத்துறதா?" என்றான். முத்துமாரியம்மனுக்கு மாசி-பங்குனித் திருவிழா நடக்கிற ஊரில் 'அலகு' என்று எழுதிய என்னைத்தான் சொல்லவேண்டும். 'பொதி' என்றாலும் மாட்டு முதுகுச் சுமைதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

'பொதி'யில் எனக்குக் குறை தெரியேல்லை. எங்களிடம் பொதி எண்டால் பார்சல். உங்கள் பக்கம் மட்டும் ஏன் அது மாட்டின் முதுகிலேயே நிற்கிறது?

தேவகோட்டையார் எழுதியது:

அன்புடையீர், பொதி வேண்டாம். 'பேக்கேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லின் நிழலில் நின்றுகொண்டு தேடுவதால் வந்த வினை இது. பொருளைப் பாருங்கள், பெயர் தானே வரும்.

நெடுநல்வாடையில் இந்தப் பெட்டியின் இரண்டு வேலையும் அடுத்தடுத்த அடிகளில் இருக்கின்றன. "வேனிற் பள்ளித் தென்வளி தரூஉம் நேர்வாய்க் கட்டளை" என்பது வேனிலில் படுக்கும் மேல்மாடத்துக்குத் தென்றலைக் கொண்டுவரும் சாளரம். வாடை வந்துவிட்டது, அதைத் தாழிட்டு அடைத்துவிட்டார்கள். உடனே, "பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர" என்று கணப்புச் சட்டி வந்துவிடுகிறது. மாடி, காற்று வரும் வாய், வேனிலில் தட்பம், கூதிரில் வெப்பம். இதைவிட என்ன வேண்டும்? கட்டளை என்பதையே எடுத்து 'வளிக்கட்டளை' என்போம். அல்லது இரு பருவத்துக்கும் உதவுவதால் 'இருபருவி'. எனக்கு இரண்டாவது மேல் மனம் போகிறது.

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

ஐயா, நம்மூரில் கட்டளை என்றால் கோயிலுக்கு எழுதி வைப்பது. "மெத்தை மேல் கட்டளை வைத்தோம்" என்று எவனாவது எழுதினால் எந்தக் கோயிலுக்கு என்று கேட்பார்கள்.

'பெட்டகம்' என்று பார்க்கலாமே? தட்பவெப்பப் பெட்டகம். எங்கள் வீட்டில் இரண்டாங்கட்டில் ஒன்று நிற்கிறது, நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாது. இந்தப் பெட்டியும் அப்படித்தான் என்று பேரன் சொல்கிறான், கிரேன் வைத்துத்தான் ஏற்றுவார்களாம்.

எங்கள் வீட்டுக்கு இது வேண்டியதே இல்லை. நடுவில் வளவு, உயர்ந்த கூரை, முழத்துக்கு மேல் கனமான சுவர், சுண்ணாம்புப் பூச்சு, காலடியில் ஆத்தங்குடிக் கல். பட்டாலையில் படுத்தால் மே மாதத்திலும் தூக்கம் வரும். மேலே கொஞ்சம் ஓடு, கொஞ்சம் தளம், இதில் இருநூறு கிலோப் பெட்டியை எங்கே வைப்பதாம்? பாலைவனத்தில் கட்டைச் சட்டமும் அட்டைச் சுவருமாகக் கட்டிவிட்டு, அப்புறம் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். சரி, அது வேறு பேச்சு.

பயிற்றுநர்:

ஆச்சி, 'தட்பவெப்பம்' என்றால் பையன்கள் வானிலை என்று நினைக்கிறார்கள். தட்பவெப்பப் பெட்டகம் என்றதும் ஒருவன் பள்ளிக்கூடத்தில் பார்த்த வெள்ளைப் பலகணிப் பெட்டியை வரைந்துவிட்டான், உள்ளே வெப்பமானி தொங்குகிற அது.

பள்ளத்தூரான் எழுதியது:

அண்ணன்மாரே, ஆச்சி, எல்லாருக்கும் வணக்கம். குவைத்துல 12 வருசம் இந்தப் பெட்டியோடதான் குடும்பம் நடத்தினேன். இருபருவி, கட்டளை எல்லாம் கேக்க நல்லாருக்கு. மெத்தை மேல ரெண்டு மணி வெயில்ல, தகரத்தைத் தொட்டா தோல் ஒட்டிக்கிற நேரத்துல, "டேய், அந்த இருபருவியோட டிராப்பைப் பாரு"ன்னா எவன் பாப்பான்?

டிராப்புன்னதும் ஞாபகம் வருது. நான் போன முதல் வருசம், ஒரு வில்லாவில பெட்டி வச்சோம். தண்ணி வடியுற குழாயில வளைவு, அதான் டிராப்பு, வைக்கலை. மேஸ்திரி, "பாலைவனத்துல எங்கடா தண்ணி"ன்னுட்டார். ஆகஸ்டுல கடல்காத்து ஈரமா வரும்னு அவருக்குத் தெரியாததா, அவசரம்தான். இந்தப் பெட்டியில காத்தாடி உள்சுருள் வழியாக் காத்தை இழுக்குது. அதனால, சுருள்ல வேர்க்கிற தண்ணி சேர்ற தட்டு இருக்கிற இடத்துல அழுத்தம் வெளியைவிடக் கம்மி. குழாய் நேரா இருந்தா வெளிக்காத்து குழாய் வழியா உள்ள ஏறும், தண்ணி இறங்காது. தட்டு நெறஞ்சு, டக்ட் வழியா எறங்கி, ஹால் சீலிங்குல பெரிய தோசை மாதிரி மஞ்சக் கறை. வளைவுல தண்ணி நின்னாத்தான் காத்துக்கு அடைப்பு. நம்ம குளியலறை நானி டிராப் மாதிரிதான். அந்த மாசம் என் சம்பளத்துல பிடிச்சாங்க, மேஸ்திரிக்குப் பிடிக்கலை.

கையேட்டுல இன்னொண்ணும் போடுங்க. திரும்பி வர்ற காத்தோட டக்ட், பெட்டியோட சேர்ற இடத்துல ஒரு விரல் சந்து இருந்தாப் போதும், மெத்தை மேல இருக்கிற அனலை அப்படியே உறிஞ்சிக்கும். வீட்டுக்காரன் பெட்டி சின்னதுன்னு சண்டைக்கு வருவான்.

புதுவயல்காரன் (இப்போது சென்னையில்) எழுதியது:

பள்ளத்தூர் அண்ணன் சொல்வதுதான் சரி. 'பேக்கேஜ் ஏசி' என்றே எழுதிவிடலாம். மிதிவண்டி என்று எழுதிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குப் போகிற கூட்டம்தானே நாம்?

தேவகோட்டையார்:

தம்பி, பேருந்தையும் இப்படித்தான் சிரித்தார்கள். கணினியையும் சிரித்தார்கள். இன்று உன் தொழிலுக்கே அதுதான் பெயர். புழங்காததால் புரியவில்லை; புரியவில்லை என்று புழங்க மறுக்கிறாய். இது முட்டையும் கோழியும் இல்லை, சோம்பல்.

புதுவயல்காரன்:

ஐயா, கணினி சின்னச் சொல், பொருள் கையிலேயே இருந்தது. இருபருவி என்று கேட்டால் கல்லூரியில் இரண்டு பருவத்தேர்வு எழுதுகிறவன் என்று நினைப்பேன்.

தேவகோட்டையார்:

அப்படியானால் 'பெட்டி'யையாவது விடாதீர்கள். பெட்டியை வடசொல் என்பாரும் உண்டு, நான் ஒப்பேன். பெட்பு என்றால் விருப்பம், பேணுதல். பேணி வைப்பது பெட்டி. அதே வேரில்தான் பேழையும்…

(இதற்குப் பிறகு அவர் எழுதிய நீண்ட பகுதியைத் தனி இழைக்கு மாற்றியுள்ளேன். ஆர்வமுள்ளோர் அங்கே தொடரலாம். யாழ்ப்பாணத்து அன்பர் ஏற்கெனவே மூன்று மறுப்பு எழுதிவிட்டார். — மட்டுறுத்துநர்)

பயிற்றுநர்:

பெட்டி இருக்கட்டும் ஐயா. 'ஒற்றைப்பெட்டிக் குளிர்சாதனம்' எப்படி?

கானாடுகாத்தான் ஆச்சி:

குளிர்சாதனப் பெட்டி என்றால் எல்லா வீட்டிலும் பிரிட்ஜ்தான். ஒற்றைப்பெட்டிக் குளிர்சாதனம் என்றால் ஒற்றைக் கதவு பிரிட்ஜ் வாங்கப் போகிறாய் என்பார்கள்.

தேவகோட்டையார்:

அதோடு 'குளிர்' என்று தொடங்கும் எந்தப் பெயரும் பாதிப் பொய். அதே பெட்டி குளிர்காலத்தில் சூடு தருகிறது என்று நீங்களே எழுதினீர்கள்.

பள்ளத்தூரான்:

ஐயா சொல்றது உண்மை. சூடு ரெண்டு விதமா வரும். ஒண்ணு, ஒரு வால்வு சுத்துப்பாதையைத் திருப்பிவிடும். வெளிச்சுருளும் உள்சுருளும் வேலையை மாத்திக்கும், வெளியில இருக்கிற சூட்டை உள்ள தள்ளும். இன்னொண்ணு, பெட்டிக்குள்ளயே கேஸ் அடுப்பு எரியும், புகைபோக்கி இருக்கும். அமெரிக்காவில இது நெறய.

இதுலதான் ஆபத்து. கையேட்டுல 'கேஸ் பெட்டி'ன்னு எழுதிராதீங்க. நம்ம பையனுக்கு கேஸுன்னா சுருளுக்குள்ள ஓடிக் குளிர்விக்கிற ஆர்-410ஏ. "கேஸ் கம்மியாயிருச்சு, கேஸ் அடிக்கணும்"னு தினம் சொல்றவன். அடுப்பு எரியுற கேஸ் லைன்ல அவன் அளவுமானியை மாட்டிட்டான்னா? 2025லருந்து அமெரிக்காவில புதுப் பெட்டியில ஆர்-454பியும் ஆர்-32வும் வருது, அதுவே லேசாத் தீப்பிடிக்கும். ஆக ரெண்டு கேஸும் தீ. பேரு பிரிஞ்சே ஆகணும். என் ஓட்டு: எரிகேஸ், ஓடுகேஸ்.

பயிற்றுநர்:

எரிகேஸ், ஓடுகேஸ் — அப்படியே எடுத்துக்கொண்டேன். நன்றி அண்ணே. இந்த இழையில் இதுவரை கிடைத்த ஒரே சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

டன் எண்டதை என்ன செய்தீர்கள்?

பயிற்றுநர்:

அதை ஏன் கேட்கிறீர்கள். "3 டன் பெட்டின்னா 3,000 கிலோவா சார்? கூரை தாங்குமா?" என்று கேட்டான். பழைய பனிக்கட்டிக் கணக்கைச் சொன்னேன். ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு இழுக்கும் வெப்பம்தான் ஒரு டன் குளிர்ச்சி. நம் கணக்கில் சுமார் மூன்றரை கிலோவாட். 'பனி டன்' என்று எழுதியிருக்கிறேன். ஐயா திட்டினாலும் சரி.

தேவகோட்டையார்:

பனி நன்று. டன் நன்றன்று. ஆனால் களைத்துவிட்டேன்.

பள்ளத்தூரான்:

அப்படியே ஒரு வரி சேத்துக்குங்க தம்பி. பேர்த்தகட்டுல இருக்கிற டன், எந்த வெயிலுக்குன்னு பாக்கணும். டி-1னா வெளியில 35 டிகிரிக்கு அளந்தது. டி-3னா 46. குவைத்துல 35ங்கிறது விடியக்காலம். வெயில் ஏற ஏற பெட்டியோட வலு எறங்கும், கரண்டு ஏறும். டி-1 பெட்டியக் கொண்டுபோய் வச்சுட்டு மெக்கானிக்கைத் திட்டினா என்ன பண்றது?

புதுவயல்காரன்:

பீனிக்ஸ் நகரத்தில் 2023 கோடையில் 31 நாள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல் இருந்தது. அங்கே பெட்டி நின்றால் அது வசதிக் குறைவு இல்லை, உயிர்ப் பிரச்சினை. சொல்லுக்காக மூன்று நாளாக அடித்துக்கொள்கிறோமே என்று வெட்கமாக இருக்கிறது. வாக்கெடுப்பு வையுங்கள். என் வாக்கு 'ஒற்றைப்பெட்டி ஏசி'. ஸ்பிளிட்டுக்கு 'இரட்டைப்பெட்டி ஏசி'.

கானாடுகாத்தான் ஆச்சி:

ஜன்னல் ஏசியும் ஒற்றைப்பெட்டிதானே?

(பதினொரு மணி நேரம் மடல் எதுவும் வரவில்லை.)

பள்ளத்தூரான்:

ஆச்சி கேட்டது சரிதான். ஆனா ஜன்னல் ஏசிய எவனும் ஜன்னல் ஏசின்னுதான் சொல்லுவான். மிச்சம் இருக்கிற ஒத்தைப்பெட்டி இதுதான். 'மெத்தைப்பெட்டி'ன்னும் சொல்லலாம், ஆனா தரையில மேடை போட்டு வைக்கிறதுக்கு அது ஒத்துவராது. படுக்கிற மெத்தைன்னு வெளியூர்க்காரன் நினைப்பான்.

பயிற்றுநர்:

ஞாயிறு இரவு பத்து மணி. ஒற்றைப்பெட்டி ஏசி: ஐந்து வாக்கு, அதில் இரண்டு "போதும் விடுங்கள்" என்ற குறிப்போடு. பெட்டகம்: ஒன்று. இருபருவி: ஒன்று. ஒற்றைப்பெட்டி ஏசி என்றே போகிறது. முதல் முறை வரும் இடத்தில், "டக்ட் வழியே வீடு முழுதும் காற்று தரும், சூடும் குளிரும் தரவல்ல, ஜன்னல் ஏசி அன்று" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

தேவகோட்டையார்:

என் எதிர்ப்பைப் பதிவு செய்க. ஒரு வரி விளக்கம் கேட்கும் பெயர், பெயரே அன்று. சொல்லடைவில் இருபருவி என்பதை ஓர் ஓரத்திலாவது இடுக. பத்தாண்டு கழித்து எவனாவது தேடுவான்.

பயிற்றுநர்:

இட்டுவிட்டேன் ஐயா, 41ஆம் பக்கம், கீழ் ஓரத்தில். இன்னொன்று விட்டுப்போயிற்று. கூரையைத் திறந்து, பெட்டி உட்கார நாலு பக்கமும் தூக்கிக் கட்டுகிற சட்டம் இருக்கிறதே, மழைத்தண்ணீர் திறப்புக்குள் இறங்காமல் இருக்க? அதை மேஸ்திரிகள் என்ன சொல்வார்கள்? காலை ஆறு மணிக்குள் தெரிந்தால் நல்லது.

பள்ளத்தூரான்:

கர்ப். நம்ம கொத்தனார்கிட்ட கேட்டா திண்டுன்னுவார்.

தேவகோட்டையார்:

திண்டு என்பது சாய்வதற்கு. உட்காருவதற்கு அன்று. நாளை விரிவாக எழுதுகிறேன்.